மயக்க மருந்து டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஆபரேஷன் தியேட்டரில் பல வருடங்களாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். அறுவை சிகிச்சை பற்றி நாளிதழில் வருவதையெல்லாம் விடாமல் படிப்பேன். சர்ஜனின் திறமை வரும், புதுக் கருவி வரும். ஆனால் அதற்கு முன்னால், இந்த உடம்பு இந்த ஆபரேஷனைத் தாங்குமா, எங்கே சிக்கல் வரலாம் என்று மயக்க மருந்து டாக்டர் நோயாளியை உட்காரவைத்துப் பார்ப்பதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நோயாளிகளும் ஃபிட்னஸ் கையெழுத்து கிடைத்தால் போதும் என்றுதான் வருகிறார்கள். உள்ளதைச் சொன்னால் தேதியைத் தள்ளிப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் மறைக்கவும் செய்கிறார்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

மயக்க மருந்து டாக்டர் கேட்கும் எந்தக் கேள்வியும் சும்மா கேட்பது இல்லை. மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறுவீர்களா என்று கேட்டால், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு தாங்கு சக்தி மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறார். குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னார்களா என்று கேட்டால், மயக்கம் தெளியும் நேரத்திலும் வலி மருந்து கொடுத்த பிறகும் மூச்சு அடைபடுமா என்று யோசிக்கிறார். வாயைத் திறக்கச் சொல்வது, கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்வது, ஆடுகிற பல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் தொண்டையில் குழாய் போடுவது சுலபமா கஷ்டமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சல் மாதிரி உடம்பு கொதித்ததா என்றும் கேட்பார். அப்படி ஒரு பரம்பரைக் கோளாறு அபூர்வம்தான், ஆனால் தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்துத் தப்பிக்க வைக்கலாம். தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

குடிப்பழக்கத்தை மறைப்பதுதான் அதிகம். மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கும்போது மனிதர் எப்படி வாயைத் திறப்பார்? தினமும் நிறையக் குடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் குடி சட்டென்று நின்றுபோகும், ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருக்கும், அப்புறம் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, ஆள் தெரியாமல் பேசி, குழாய்களைப் பிடுங்க ஆரம்பிப்பார். முன்பே தெரிந்திருந்தால் அதற்கான மருந்தைத் தயாராக வைத்திருக்கலாம். அதனால் உறவினர்களைக் கேட்டுக்கொள்கிறேன், நோயாளி கொஞ்ச நேரமாவது டாக்டரிடம் தனியாகப் பேசட்டும். அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை, யாரோ பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார் என்று தானே நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். நிறுத்தாமல் வந்தால் ரத்தப்போக்கு அதிகமாகலாம். எதை எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஏனென்றால் பட்டினி கிடக்கும்போது சுகர் அளவு ஒழுங்காகவே காட்டலாம், ஆனால் உள்ளே ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கலாம். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள், அதையும் யாரும் திட்டமாட்டார்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையையும் டப்பாவையும் அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

வெறும் வயிறு பற்றியும் குழப்பம் நிறைய. லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம், இறைச்சி என்றால் 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீரைப் பெரும்பாலோர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், வயதானவர்களை ராத்திரி முழுக்கத் தொண்டை காய வைக்கத் தேவையில்லை. உங்களுக்கு என்ன கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை அழுகிறதே என்று ஒரு வாய் பால் கொடுத்துவிட்டு மட்டும் சொல்லாமல் இருக்காதீர்கள். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

டெஸ்ட் நிறைய எடுத்தால்தான் நல்ல ஆஸ்பத்திரி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சுமார் 19 ஆயிரம் கண்புரை ஆபரேஷன்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளிவந்தது. எல்லாருக்கும் வழக்கமாக எடுக்கும் டெஸ்ட்டுகளை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல்களில் வித்தியாசமே இல்லை. பெரிய ஆபரேஷனுக்கு இது பொருந்தாது, சரி. ஆனாலும் எந்த டெஸ்ட் வேண்டும் என்பதை அந்த நோயாளியும் அந்த ஆபரேஷனும்தான் முடிவு செய்ய வேண்டும், எல்லாருக்கும் ஒரே சீட்டு அல்ல.

ஆஸ்பத்திரி நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவசர ஆபரேஷன் வேறு, அங்கே நேரம் இருக்காது. மற்றவர்களை ஏன் முந்தின நாள் ராத்திரி வார்டில் வைத்துப் பார்க்கிறீர்கள்? ரத்தசோகை இருப்பது அப்போது தெரிந்து என்ன செய்வது? சில வாரம் முன்பே பார்த்தால் இரும்புச்சத்து கொடுத்து ஏற்றலாம், சிகரெட்டை நிறுத்த வைக்கலாம், சுகரைக் கட்டுக்குள் கொண்டுவரலாம். 4 வாரமாவது புகைக்காமல் இருந்தால் நுரையீரல் சிக்கலும் புண் ஆறாமல் போவதும் குறையும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு மயக்க மருந்து டாக்டரை எழுதச் சொல்லுங்கள், வாசகர் கேள்விகளுக்கும் அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருவர்