ஐகானுக்குக் கீழே ஒரு சொல் போடுங்கள்: கேம் தயாரிப்புக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் சாகச கேமில் நாயகன் என்ன செய்ய வேண்டும் என்று ஆடுபவர் அழுத்தும் பொத்தான்களுக்கு, வெளியிலிருந்து ஐகான் (குட்டிப் படம்) வரைந்து தருபவன் எழுதுகிறேன். போன வார டெஸ்டிங்கில் நீங்களும் இருந்தீர்கள். காசிமேடு காட்சியில் பேரம் பேச நினைத்து ஆடிய பெண், வாயும் ஆச்சரியக்குறியும் உள்ள பொத்தானை அழுத்தினார். அது ‘மிரட்டு’. நாயகன் கத்தினான், மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், கேமும் அந்த இடத்திலேயே தானாக சேவ் ஆகிவிட்டது. “நான் வெலதானே கேட்டேன், இவன் எதுக்கு சண்டைக்குப் போறான்?” என்றார். உங்கள் குறிப்பில் இருந்தது ஒரே வரி: ஐகான் தெளிவாக இல்லை.

எடு, பார் என்றால் கையும் கண்ணும் வரைந்தால் போதும். கேள், கெஞ்சு, கிண்டல் செய், பொய் சொல் எல்லாவற்றுக்கும் அசைவது ஒரே வாய். அதிலும் இந்தக் ‘கெஞ்சு’ இருக்கிறதே! கூப்பிய கை வரைந்தால் வணக்கம் என்கிறார்கள். கண்ணீர்த் துளி சேர்த்தால் யார் செத்தது என்கிறார்கள். குனிந்த ஆளை வரைந்தால், 48 பிக்சலில் அவன் கீழே விழுந்த சாவியைத் தேடுகிறான். ஒவ்வொரு முறையும் “இன்னும் கொஞ்சம் உணர்ச்சி” என்று திருப்பி அனுப்புகிறீர்கள். திருத்தத்துக்குத் தனியாகக் காசு கிடையாது என்பதில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

ஐகானுக்குக் கீழே சொல்லைப் போடுங்கள். “உலகச் சந்தைக்குப் போகும் கேம், எழுத்து வேண்டாம்” என்கிறீர்கள். நீங்கள் அடிக்கடி உதாரணம் காட்டும் டிராகன் ஏஜ் 2 (2011) என்ற கேம், பதில்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சமாதானத்துக்கு ஆலிவ் கிளை, நக்கலுக்கு நாடக முகமூடி, கோபத்துக்கு முஷ்டி வைத்தது உண்மைதான். அதோடு, பேசப்போவது என்ன என்று எழுத்திலும் காட்டியது. நாம் முகமூடியை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டோம். சின்னம் பார்த்தே ஓட்டுப் போட்டுப் பழகிய நாடு இது. இங்கேயே வாக்கு இயந்திரத்தில் சின்னத்துக்குப் பக்கத்தில் வேட்பாளர் பெயரையும் ஒட்டுகிறார்கள். நம் கேமின் உரையாடல் முழுக்கத் தமிழில் திரையில் ஓடுகிறது. அதையெல்லாம் படிப்பவருக்கு ‘கெஞ்சு’ என்ற மூன்றெழுத்துதான் பாரமா?

சரி, கோபத்தைக் குறைத்துக்கொள்கிறேன். திரையில் இடம் இல்லையென்றால், விரலை வைத்து அழுத்தும்போது மட்டுமாவது சொல் தெரியட்டும். மிரட்டுவதற்கு முன் “நிச்சயமா?” என்று கேம் ஒருமுறை கேட்கட்டும். தயவுசெய்து அடுத்த டெஸ்டிங்குக்குள் முடிவைச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பினால் நல்லது. கட்டைவிரல் படம் மட்டும் வந்தால், அது சம்மதமா, ‘பார்த்துவிட்டேன்’ என்பதா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் ஐகான் ஓவியன், சென்னை