செயலாளரின் ஆண்டறிக்கை: ‘பயர் அண்ணை’யின் நினைவோடு

தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, ஒழுங்கையின் தாய்மாரே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. டெங்கு ஒழிப்புச் சிரமதானம் மாரிக்கு முன்பே நடந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் கொடுத்தோம். வாசிகசாலைக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினோம். சந்தா நிலுவையைப் பற்றிப் பொருளாளர் பேசுவார். அவர் சொன்னால்தான் உங்களுக்கும் உறைக்கும்.

மீதி அறிக்கை இந்த ஆண்டு நாம் இழந்த மூத்த உறுப்பினரைப் பற்றியது. நகரசபைத் தீயணைப்புப் பிரிவிலிருந்து இளைப்பாறியவர். அவருடைய முழுப்பெயர் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லித் திருகோணமலை உப்புவெளியில் வீடு விசாரித்தால் பலர் கையை விரிப்பார்கள். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் ‘பயர் அண்ணை’தான். பேரப்பிள்ளைகளின் கூட்டாளிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

தான் அணைத்த நெருப்பைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். விருப்பத்தோடு சொல்லும் ஒரே கதை அவருடைய தகப்பனார் கண்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று பற்றி எரிந்த கதை. அதில் தொடங்கினால் எண்ணெய் நெருப்பில் ஏன் தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற விளக்கம் வரும். அப்புறம் பேச்சு நம் குசினித் தாச்சிக்கு இறங்கிவிடும். தாச்சியில் எண்ணெய் பற்றினால் அடுப்பை நிறுத்து, மூடியால் மூடு, தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதே. மாதர் அணிக் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். சலித்தாலும் ஒருவருக்கும் மறக்கவில்லை.

2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடிப்பதாகச் செய்தி வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். சிலர் சிலிண்டரை முற்றத்தில் வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பினார்கள். அண்ணை ஒரு கோப்பையில் சவர்க்கார நுரையோடு வீடு வீடாகப் போனார். ரெகுலேட்டரிலும் குழாயிலும் நுரையைப் பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வெடிப்பு விழுந்திருந்த குழாய்களைத் தானே வெட்டி எறிந்தார். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தாலும் விடவில்லை. காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு படியும், மணம் வந்தால் சுவிச்சைத் தொடாமல் கதவைத் திற என்று குழந்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கினார்.

சுனாமிக் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. அன்று அவர் கடமையில் எங்கெங்கே போனார் என்பது வீட்டுக்கே முழுதாகத் தெரியாது. நமக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு நடந்தது. கடல் புகுந்து கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்தது. பம்ப் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வேகமாக இறைத்துக் கிணற்றை வற்றச் செய்தால் நல்ல தண்ணீர் ஊறும் என்று நினைத்தார்கள். நாளெல்லாம் பம்போடு வேலை செய்த மனிதர், மெதுவாக இறையுங்கள் என்றார். கரையோரத்தில் நல்ல தண்ணீர் மெல்லிய படையாக உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். மழை வரட்டும், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்போம் என்று கெஞ்சாத குறை. கேட்டவர்களும் இருந்தார்கள், கேட்காமல் சண்டைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அம்மன் கோயில் தீமிதிப்பில் குழிக்குப் பக்கத்தில் அவர் நிற்பது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. சடங்கு முடிந்து ஐயர் சொல்லும்வரை தண்ணீர் வாளியைத் தொடமாட்டார். சனம் கலைந்தபிறகு தணலுக்குத் தண்ணீர் தெளித்து, மணல் போட்டு மூடி, காலால் சூடு பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். காலையில் பிள்ளைகள் அங்கே விளையாட வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டைப் பற்றி அவருடைய மூத்த மகள் அந்தியேட்டி அன்று சொன்னதை எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, கிண்ணியாப் பக்கம் ஆசிரியை. 2009 இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகில்தான் கடலைக் கடக்கவேண்டும், விடியமுன் வீட்டைவிட்டு இறங்கவேண்டும். ஆகவே இரவுக் கடமை முடித்து வந்த அப்பாதான் இரண்டு மகள்களுக்கும் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டுப் பாடசாலைக்கு அனுப்பினார். உடுப்பில் புகை மணம் இருந்தால் பின்னல் இறுக்கமாக இருக்குமாம். ஏன் என்று மகள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசி மகனுக்கும் அம்மா பாதையில் போன நாட்களில் சோறு குழைத்து ஊட்டியது அவர்தான். இளைப்பாறிய பிறகு பேரப்பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவதும், மீன் வாங்கி வந்து தானே கழுவி வெட்டுவதும் ஒழுங்கையே பார்த்த காட்சி.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அண்ணைக்கும் நம்மில் பலருக்கும் சரிவராது. குப்பைக்கு நெருப்பு வைத்த வீட்டு வாசலில் வாளியோடு வந்து நிற்பார். கிடுகு வேலிக்கு ஒரு பொறி போதும் என்பார். இப்போது கிடுகு வேலி குறைந்து மதில்கள் வந்துவிட்டன, குப்பை கொளுத்துவது மட்டும் குறையவில்லை.

இனி வளைவு விடயம். ஒழுங்கை முகப்பில் சங்கம் கட்டிய இரும்பு வரவேற்பு வளைவு தீயணைப்பு வண்டி நுழையும் உயரத்தில் இல்லை. கட்டுமுன்பே அண்ணை இதைச் சொன்னார். கூட்டக் குறிப்பில் அவருடைய எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது, எதிர்த்தவர் அவர் ஒருவர்தான். வளைவு அழகாக இருக்கிறது, திருவிழாவுக்கு மின்குமிழ் தொங்கவிடலாம், வண்டி எப்போது வரப்போகிறது என்ற பேச்சில் தீர்மானம் நிறைவேறியது. பிறகு ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினோம். தண்ணீர் பவுசரும் உள்ளே வரமுடியாமல் வீதியிலேயே நிற்பதைப் பெண்கள் எல்லோரும் அறிவீர்கள்.

அண்ணைக்குச் சிலை வைக்கலாம், வாசிகசாலைக்கு அவர் பெயர் வைக்கலாம் என்று யோசனைகள் வந்தன. குடும்பத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வளைவைக் கழற்றுங்கள். நிர்வாக சபை அதை ஏற்று, கழற்றிய இரும்பை வாசிகசாலைச் சைக்கிள் கொட்டகைக்குப் பயன்படுத்தலாம் என்றும் சேர்த்திருக்கிறது. வெல்டிங் செலவு மதிப்பீடு பொருளாளரின் கணக்கறிக்கைக்குப் பின்னால் இணைக்கப்பட்டுள்ளது. கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் இதைக் கை உயர்த்தி வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். வாக்கெடுப்பு முடியும்வரை தேத்தண்ணி பரிமாறவேண்டாம் என்று மாதர் அணிக்கும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்