சங்கத்து லேண்ட்மாஸ்டர் எவ்வளவு ஆழம் போகணும்? கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும் கமிட்டி ஆளுங்களுக்கும் வணக்கம்,

கூட்டத்துல எழும்பினா "நேரம் இல்ல, அடுத்த மாசம் பாப்போம்"னு உக்கார வச்சிடுறீங்க, அதான் எல்லாரும் பாக்குற மாதிரி இங்கயே எழுதுறேன், கோவிக்க வேணாம்.

லேண்ட்மாஸ்டர், அதான் நம்ம சங்கத்து ரெண்டு சக்கர உழவு மெஷின், யாரு காணிக்கு போனாலும் எட்டு அங்குலம், ரெண்டு ஓட்டு. போஞ்சிக்கும் அதே, கரட்டுக்கும் அதே. டீசல் காச மட்டும் காணி அளவ பாத்து பிரிக்கிறீங்க. கால் ஏக்கர்ல நாலு அங்குலம் கூட போனா 100 டன்னுக்கு மேல மண்ண கூடுதலா பெரட்டணும், கணக்கு போட்டு பாருங்க, அதுவும் கீழ போகப் போக மண் இறுக்கம், இஞ்சின் முக்குற சத்தத்துலயே தெரியும் டீசல் எங்க போகுதுன்னு. 2022 ஜூன்ல லீட்டர் 460 ரூபாக்கு போனப்ப கேனோட லைன்ல நின்னவங்க தானே நாம?

காசு போனா போகட்டும், முளைப்பு? போன தடவ என் மேல் பாத்திய மாவு மாதிரி ஆக்கிட்டு போனாரு டிரைவர், பாக்க அழகாத்தான் இருந்துச்சு. கரட் விதைய அரை அங்குலத்துல போடணும், அந்த புழுதில எங்கயோ எறங்கிருச்சு, ஒரு மழை, பின்னால ரெண்டு நாள் வெயில், மேல் மண்ணு அப்பளமா காஞ்சு பிடிச்சிருச்சு. விரலால பேத்து பாத்தா உள்ள வெள்ளையா முளை வளைஞ்சு கெடக்குது. மிச்ச மண்ணு மழைத் தண்ணியோட அடிச்சிக்கிட்டு போய் வடிகான்ல. அடியில கெடந்த மஞ்ச களி இப்ப மேல. 1951லயே மண் பாதுகாப்பு சட்டம் போட்ட நாடு நம்ம இலங்கை!

ஆழமே வேணாம்னு சொல்லல. அடி மண் இளகலன்னா கரட் கவட்டையா பிரிஞ்சு வரும், யாவாரி தொடவே மாட்டான். ஆனா ரோட்டவேட்டர, அதான் மெஷின்ல சுத்தி மண்ண பெரட்டுற கத்திய, ஒரே ஆழத்துல ஓட்டிக்கிட்டே இருந்தா அதுக்கு கீழ தட்டு மாதிரி இறுகிரும், அங்க இரும்பு முள்ளால (ஃபோர்க்) குத்தி இளக்கணும், தேயிலை மலைல நம்ம ஆளுங்க செய்யாத வேலையா? போஞ்சிக்கு நாலஞ்சு அங்குலம், ஒரு ஓட்டு போதும்.

ஓட்டுறதுக்கு முன்னாடி மமட்டியால ஒரு குழி வெட்டி இறுக்கம் எங்க இருக்குன்னு பாருங்க. டாங்க நிரப்பி அனுப்பி, வந்ததும் திரும்ப நிரப்பினா யாரு காணி எவ்வளவு குடிச்சிச்சுன்னு தெரிஞ்சிரும், அத வச்சு காசு பிரிங்க.

நம்பலன்னா அடுத்த கரட்டுக்கு என் காணிய தாரேன், பாதி உங்க ஆழம், பாதி என் ஆழம், டீசல் என் செலவு. ரெண்டு வாரம் கழிச்சு வந்து முளைச்சத எண்ணிட்டு போங்க.