புகார்: மசமுனே கவச செட்ல ரெண்டு கையும் வலது கை

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். மெயில் போட்டுப் போட்டு ஓஞ்சு போயிட்டேன், எல்லாத்துக்கும் "பரிசீலனையில் உள்ளது"ன்னு அதே ரிப்ளைதான். தமிழ்ல எழுதலாம்னு உங்க சைட்லயே போட்டிருக்கீங்க, இதையாவது மனுஷங்க யாராவது படிங்க.

நான் ஆர்டர் பண்ணது ஜப்பான்ல செண்டாயை ஆண்ட சாமுராய் பிரபு தாதே மசமுனேவோட கருப்பு அரக்குக் கவசம், ஒரிஜினல் செண்டாய் சிட்டி மியூசியத்துல இருக்கே, அதோட ரெப்ளிகா. நீங்க அனுப்புனதுல கொதே, அதாவது கைக்கவசம், ரெண்டும் வலது கைக்கு! இடது கையில மாட்டினா கட்டைவிரல் நுழையவேண்டிய கயிறு சுண்டுவிரல் பக்கம் நிக்குது. இதை போன்ல சொன்னா உங்க ஆளு "இடது கையை யாரு சார் பார்க்கப்போறா, ஸ்லீவுக்குள்ள மறைச்சுக்கோங்க"ங்கறாரு. அந்தக் கொதேதாங்க ஸ்லீவே! கவசம் விக்கிற கம்பெனியில இதுகூட தெரியாதா? நான் பேசிட்டிருக்கும்போதே பக்கத்துல யார்கிட்டயோ சிரிக்கிறாரு வேற.

அதே ஆளுதான் "நேர்ல கொண்டு வாங்க, உடனே மாத்தித் தர்றோம்"னாரு. இருபது கிலோவுக்கு மேல இருக்கிற பெட்டியைத் தூக்கிட்டு செண்டாய்ல இருந்து ஷின்கான்சென் புல்லட் ரயில்ல டோக்கியோவுல இருக்கிற உங்க கடைக்கு வந்தா ஷட்டர் சாத்தியிருக்கு, கோல்டன் வீக் (மே மாசத் தொடக்கத்துல வர்ற தொடர் விடுமுறை) லீவுன்னு ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. லீவுன்னு தெரிஞ்சே வரச்சொன்னாரா? டிக்கெட் காசு யாரு தருவா, போன முதுகு யாரு தருவா?

ஹெல்மெட்டைச் சொல்ல மறந்துட்டேன். முன்பக்கம் மாட்டுற மசமுனே பிறைன்னா போடுறவங்களோட வலது பக்கம் குட்டையா இருக்கணும், வாளை ஓங்கும்போது இடிக்கக்கூடாதுன்னுதான் அப்படி வெச்சதா சொல்லுவாங்க, நீங்க ரெண்டு முனையையும் ஒரே அளவுல வெட்டி மாட்டு கொம்பு மாதிரி அனுப்பியிருக்கீங்க. கேட்டா "சமமா இருந்தாதான் சார் அழகு". மார்புக் கவசம் அஞ்சு தகடை கீல் வெச்சுக் கோர்த்தது, அதுல ஒரு கீலுக்கு ஆணியே இல்ல, குனிஞ்சா பப்பரப்பான்னு திறந்துக்குது. தனியா காசு கட்டின ஜின்பவோரி, அதான் கவசத்து மேல போடுற கையில்லாத அங்கி, இன்னும் தயாரிப்புலயாம், துணி நெய்யறீங்களா என்ன.

மே மாசம் செண்டாய்ல நடக்கிற அவோபா திருவிழாவுக்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கவசத்துல நின்னு போட்டோ எடுத்தாங்க, நான் டிஷர்ட்ல நின்னேன். வாழ்க்கையில இவ்வளவு அசிங்கப்பட்டதே இல்ல.

உங்க அரக்கு வேலை நல்லா இருக்கு, கயிறு கோர்த்ததும் சுத்தம், அதை மறுக்கல. தயவுசெஞ்சு இடது கொதே, சரியான பிறை, கீல் ஆணி மூணையும் உங்க செலவுல வீட்டுக்கே அனுப்பிடுங்க, டோக்கியோ டிக்கெட் காசையும் திருப்பிக் குடுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா நுகர்வோர் ஹாட்லைன் 188-க்கு அடிப்பேன், கார்டு கம்பெனிகிட்ட சொல்லி பணத்தையும் நிறுத்துவேன். அந்த ஆளை மட்டும் மறுபடி எனக்கு போன் பண்ண விடாதீங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
இன்னும் ஒத்தைக் கை கவசத்தோட இருக்கிற உங்க வாடிக்கையாளர்