அப்பாவோடு நின்றவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் அப்பாவின் நோய்க்காலத்திலும் அடக்க ஆராதனையிலும் கூட நின்ற அனைவருக்கும் குடும்பத்தாரின் ஸ்தோத்திரம். வீடு வீடாக வந்து சொல்வதுதான் முறை. அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை, பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு ஊரில் கிடக்கிறோம். அதனால்தான் இந்த மடல்.

அப்பாவை அரசு பஸ் கண்டக்டராகவே பலருக்குத் தெரியும். சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார். இறங்கியவர் மறந்து நடந்தாலும் ஜன்னல் வழியே கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுவார். ஞாயிறு காலை டூட்டி விழுந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்வார். பதிலுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்களுக்காக இவர் போவார். அப்படி டூட்டி மாற்றிக்கொண்ட அண்ணாச்சிமார் வேன் பிடித்து வந்து, கல்லறைத் தோட்டம் வரை பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். அதில் ஒருவர்கூட எங்கள் சபையார் இல்லை. அவர்கள் வருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவைக்காமல் எந்த விருந்தாளியையும் அவர் பஸ் ஏற்றியதில்லை. அந்தக் கோயிலைக் கட்டிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கதையும் கூடவே வரும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்துக்கு மாதக் காணிக்கை தவறியதில்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர் என்பதில் அவருக்கு என்னவோ சொந்தக்காரர் போல ஒரு பெருமை. கோயில் அசன விருந்தில் கடைசிப் பந்தி எழும்பும்வரை சாப்பிடமாட்டார். சுருதி மட்டும் சேராது. இத்தனை வருடம் அதைச் சகித்துக்கொண்ட பாடகர் குழுவுக்குத் தனி நன்றி!

சிறுநீரகம் கைவிட்ட பிறகு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. போன் இல்லை, கரண்ட் இல்லை, ரோடு எங்கே என்றே தெரியவில்லை. அப்பாவுக்கு மறுநாள் முறை. கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. தெருப் பையன்கள் அவரைக் கட்டிலோடு தூக்கி டிராக்டரில் ஏற்றினார்கள். மேட்டு ரோட்டில் ஒரு மீன் வண்டிக்காரர், வண்டியைக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய்விட்டார். டீசலுக்குக்கூட காசு வாங்கவில்லை. வீட்டுக்குப் போகமுடியாமல் இருந்தும் இரவெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்ற சிஸ்டர்மாரையும் மறக்கமாட்டோம். அந்த இரவுக்குப் பிறகு அவர் இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்தார், பேத்தியின் ஞானஸ்நானம் பார்த்தார். அந்தக் காலம் நீங்கள் கொடுத்தது.

சேகர குருவானவருக்கும், உபதேசியாருக்கும், நோய்ப்படுக்கையில் ஜெபிக்க வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், ரத்தம் கொடுத்த கல்லூரித் தம்பிகளுக்கும், மூன்று நாளும் அடுப்பு பற்றவைக்க விடாமல் சாப்பாடு அனுப்பிய உடன்குடி பாய் வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

அப்புறம், ஒரு வேண்டுகோள். அடக்கத்தன்று வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டாத இரண்டு தூக்குவாளியும் ஒரு பெரிய சருவமும் வீட்டில் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை. அம்மா தினமும் கேட்கிறார்கள். உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு காப்பியும் குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
மெஞ்ஞானபுரம்