இரண்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். எழுத, படிக்க, கணக்கிடக் கற்றுத்தரும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது மதிப்பெண் அன்று. பிள்ளை இப்போது எந்த நிலையில் படிக்கிறது என்பதற்கான அடையாளம், மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

இந்த வாரத்தின் பெரிய வழக்கு அழிப்பான்தான். ஒரே அழிப்பானுக்காக மூன்று பேர் அழுதார்கள். கேட்டு வாங்குவது, வேலை முடிந்ததும் திருப்பித் தருவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் பழகிக்கொண்டிருக்கிறோம். பொருள் தொலைந்தால் உடனே புதிது வாங்கித் தராமல், "கடைசியாக யாருக்குக் கொடுத்தாய்?" என்று கேளுங்கள்.

திங்கள் முதல், பிள்ளை தானே திறந்து மூடக்கூடிய தண்ணீர் பாட்டிலை அனுப்பவும். நேற்று மட்டும் 11 மூடிகள் திறந்தேன்!

– வகுப்பாசிரியை