வலது கைக்கு வந்த கியர்

கார்ல்ஸ்ரூஹே, ஜெர்மனி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "ரெண்டே பேர் உட்கார்ற வண்டிய எதுக்கும்மா வாங்கினே, அதுவும் ஆட்டோமேட்டிக் கிடைக்கிற ஊர்ல கியர் வண்டிய?" என்று கேட்டீர்கள். அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள், பேச்சு பாதியில் நின்றது. எப்படியும் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. லாரி கியரைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்?

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, செகண்ட் ஹேண்ட். 1989இல் முதன்முதலாக வந்த மாடல், என்னுடையது அதில் நான்காவது தலைமுறை. துணிக் கூரை, உட்கார்ந்தபடியே கையால் பின்னுக்குத் தள்ளி மடித்துவிடலாம். இன்ஜின் 1.5 லிட்டர்தான், 131 குதிரைத் திறன். கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் வண்டியின் எடை ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இன்ஜின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம், உங்கள் லாரி மாதிரியே. கியர் ஆறு. இன்ஜின் 7,500 ஆர்பிஎம் வரை, அதாவது நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை, சலிக்காமல் சுற்றும். டீசல் இன்ஜினோடு பழகிய உங்களுக்கு அந்த எண்ணே விசித்திரமாக இருக்கும்.

இங்கே எல்லாம் வலது பக்கம் ஓட்டவேண்டும், ஸ்டியரிங் இடது பக்கம். சாலையில் பக்கம் மாறுவது சீக்கிரமே பழகிவிடுகிறது, எதிரே வருகிற வண்டிகளே கற்றுக்கொடுத்துவிடும். கைதான் மாறச் சம்மதிக்காது. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் காலுக்கு அதே வரிசையில்தான் இருக்கின்றன, கியர் மட்டும் வலது கைக்கு வந்துவிட்டது. கியர்களின் இடமும் அதேதான்: முதல் கியர் இடது மூலையில் மேலே, இரண்டாவது அதற்கு நேர் கீழே. ஆனால் அங்கே முதல் கியர் நம்மைவிட்டுத் தள்ளி இருக்கும், இங்கே மடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தள்ளிப் போட்டதை இங்கே இழுத்துப் போடவேண்டும். இடது கை எத்தனையோ வருடம் யோசிக்காமல் செய்த வேலையை வலது கை முதலிலிருந்து படித்தது. யோசித்துப் படித்ததால்தான் அதன் உள்விவரம் எல்லாம் எனக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

நம் லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேறவேண்டும். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்பது இங்கே நெடுநாள் இருந்த விதி. 2021 ஏப்ரலில் அதைத் தளர்த்தி, கியர் வண்டியில் குறைந்தது பத்துப் பாடம் ஓட்டிப் பயிற்சிப் பள்ளியில் தேறிக் காட்டினால் போதும், தேர்வை ஆட்டோமேட்டிக்கில் கொடுத்துவிட்டு இரண்டையும் ஓட்டலாம் என்று மாற்றினார்கள். நான் கியர் வண்டியிலேயே தேர்வு கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வண்டியில் ஏறியதும் ஆர்பிஎம் முள்ளின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார். காதைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான் பாடம். அதற்குப் பிறகு நான் முள்ளைப் பார்த்து கியர் மாற்றியதே இல்லை. இன்ஜின் முனகினால் கீழே, கத்த ஆரம்பித்தால் மேலே. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே இன்ஜின் தன் முழு மனசோடு இழுக்கும். அந்தச் சத்தம் காதுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி வித்தை வந்த மாதிரி.

மீதிப் பாதி கையிலும் காலிலும் இருக்கிறது. கையைப் பற்றி முதலில் சொல்கிறேன். இந்த வண்டியின் கியர் கம்பி குட்டையானது, மணிக்கட்டு அசைந்தாலே போதும். நியூட்ரலில் விட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அதை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தானாகக் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நாமே வலது பக்கம் திருப்ப வேண்டியதில்லை. உள்ளங்கையைத் திறந்து வைத்து மேலே தள்ளினால் ஸ்பிரிங் வழிகாட்டும், கியர் தானே போய் உட்காரும். இறுக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் தடம் மாறி ஐந்தில் போய் மாட்டும். உட்காருகிற அந்த நொடியில் கம்பி வழியாக விரலுக்கு ஒரு சின்ன 'டிக்' வந்து சேரும். அதற்காகவே அவசியம் இல்லாத இடத்திலும் கியர் மாற்றத் தோன்றுகிறது பெரியப்பா, உண்மையாகவே சொல்கிறேன்.

நீங்கள் டபுள் கிளட்ச் அடித்து ஓட்டியதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிளட்ச்சை அமுக்கி நியூட்ரலுக்கு வருவீர்கள், கிளட்ச்சை விட்டு ஒரு ரேஸ் கொடுப்பீர்கள், மறுபடி அமுக்கிக் கீழ் கியரைப் போடுவீர்கள். ஏன் இரண்டு தடவை என்று கேட்டதற்கு, "இல்லேன்னா பல்லு கடிக்கும்" என்றீர்கள். அதன் முழு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது. அந்த லாரியின் கியர் பெட்டியில் இன்ஜின் பக்கத்துப் பாகமும் சக்கரத்தின் பக்கத்துப் பாகமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், அவற்றை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது முழுக்க ஓட்டுகிறவர் பொறுப்பு. கார்களில் அந்த வேலையை சின்க்ரோ என்கிற அமைப்பு எடுத்துக்கொண்டது. 1928இல் அமெரிக்காவில் காடிலாக் காரில்தான் அது முதலில் வந்தது. கியர் பூட்டுவதற்கு முன்னால் கூம்பு மாதிரி ஒரு வளையம் அதன்மேல் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். அதனால்தான் இன்றைய காரில் யார் போட்டாலும் கியர் சத்தமில்லாமல் விழுகிறது.

ஆனால் சின்க்ரோ பார்த்துக்கொள்வது பெட்டிக்குள்ளே இருப்பதை மட்டும்தான். இன்ஜினை அது தொடாது. மேல் கியருக்குப் போகும்போது பிரச்சினை இல்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் வேகம் தானே இறங்கிவிடுகிறது. கீழே வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. என் வண்டியில் மூன்றாவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இன்ஜின் ஏறத்தாழ 3,100 ஆர்பிஎம்மில் சுற்றும். அதே வேகத்தில் இரண்டாவதுக்கு வந்தால் 4,500க்குப் பக்கத்தில் சுற்றியாக வேண்டும். கிளட்ச்சைச் சும்மா விட்டால் பின் சக்கரங்கள் இன்ஜினை அந்த வேகத்துக்கு இழுத்து ஏற்றும். வண்டி முன்னால் குலுங்கும், கிளட்ச் தட்டு தேயும். மழையில், பிரேக் போட்டுப் பின்பக்கம் லேசாகியிருக்கிற நேரமாக இருந்தால் சக்கரம் வழுக்கவும் செய்யும். கிளட்ச் அமுங்கியிருக்கிற அந்த அரை நொடியில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜினை 4,500க்கு ஏற்றிவிட்டுக் காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காது. ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவர் கூடவே நாலடி ஓடித்தானே படியில் கால் வைப்பார், அதுதான் இது.

ஒன்றுமே நடக்காது என்று சொன்னேனே, அதுதான் இதில் உள்ள சந்தோஷம். கியர் இறங்கியது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தலை அசையாது, வண்டியின் மூக்கு அமுங்காது. ஒரு சின்ன உறுமல், அவ்வளவுதான், வண்டி அடுத்த வளைவுக்குத் தயாராக இருக்கும்.

இதை பிரேக் போட்டுக்கொண்டே செய்ய வேண்டியிருப்பதுதான் கடைசிப் படி. மிதி மூன்று, கால் இரண்டு. வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க, அதே பாதத்தின் வலது ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலேட்டரைத் தட்டவேண்டும். பிரேக்கின் அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கால் மெலிதான ஷூவைத்தான் கேட்கும், தடித்த அடி இருந்தால் பிரேக் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாது. இன்ஜினை அணைத்துவிட்டு, நின்ற வண்டியில் உட்கார்ந்தே கணுக்காலைப் பழக்கினேன். அப்புறம் ஆள் இல்லாத சாலையில் மெதுவான வேகத்தில். நாள் போகப் போக ஒரு கட்டத்தில் பாதம் தானாகச் சாய ஆரம்பித்தது. பிரேக், கிளட்ச், தட்டு, கியர், கிளட்ச் என்று வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தது நின்றுபோய், எல்லாம் சேர்ந்து ஒரே அசைவாகிவிட்டது. அன்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாடன்-பாடன் என்று ஓர் ஊர். அங்கிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு பி500 என்கிற மலைச்சாலை போகிறது. பிளாக் ஃபாரஸ்ட் என்கிற கருங்காட்டுக்குள், ஃபிர் மரங்களுக்கு நடுவே ஆயிரம் மீட்டர் உயரம் வரை ஏறும். விடுமுறை நாளில் பகல் ஏறிவிட்டால் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் தாங்காது, அதனால் அதிகாலையிலேயே கிளம்பிவிடுவேன். வேகக் கட்டுப்பாடு உண்டு, நான் அதை மீறுவதில்லை. மீறத் தேவையும் இல்லை. இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, மூன்று, நான்கு என்று கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தால் 60இலேயே மனசு நிறைந்துவிடுகிறது. ஆட்டோபான் என்கிற இங்கத்திய அதிவேக நெடுஞ்சாலையில் வேக வரம்பு இல்லாத நீளங்களில் 130 கிலோமீட்டர்தான் பரிந்துரை வேகம், பலர் அதையும் தாண்டிப் பறப்பார்கள். எனக்கு அங்கே ஆறாவதில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது அலுப்பாக இருக்கிறது.

பெரியம்மாவுக்கு இதைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸ் பிறந்தது இந்த ஊரில்தான், 1844இல். அவர் மனைவி பெர்த்தா, 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல் அந்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவரை யாரும் அந்த மாதிரி வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார்கள். ஏற்றங்களில் வண்டி ஏறவில்லை, இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்த பெர்த்தா, மலை ஏற இன்னொரு சின்ன கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். அவர் போன வழியெல்லாம் இன்றைக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். நானும் அதில் கொஞ்ச தூரம் போய்வந்தேன். அந்த ஏற்றங்களில் இரண்டாவதுக்கு இறக்கும்போதெல்லாம் அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களில் பலர் ஆட்டோமேட்டிக்குக்கும் மின்சாரக் காருக்கும் மாறிவிட்டார்கள். மின்சாரக் காரில் பெரும்பாலும் கியர் மாற்றுவது என்பதே இல்லை. புதிய ஆட்டோமேட்டிக் பெட்டிகள் எந்தக் கையையும் விட வேகமாகக் கியர் மாற்றுகின்றன, நெரிசலில் இடது காலுக்கு அது பெரிய நிம்மதி. இதிலெல்லாம் எனக்கு மறுப்பே இல்லை. ஆனாலும் வண்டி தானே செய்துவிட்டால் நான் அதன் பயணி. நானே செய்யும்போதுதான் ஓட்டுகிறேன். இந்த வித்தை தெரிந்தவர்கள் இருக்கிற வரைக்கும் யாராவது ஒரு கம்பெனி மூன்று மிதி வைத்து வண்டி கட்டவேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். குளிர்காலம் வருகிறது. பனியில் வண்டியை இரண்டாவது கியரில் எடுக்கச் சொல்கிறார்கள், அது புரிகிறது. இறக்கம்தான் யோசனையாக இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரியை மலையில் இறக்கும்போது, ஏறின கியரிலேயே இறங்கவேண்டும் என்பீர்கள். அதை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுவீர்களா? பாதி இறக்கத்தில் வேகம் கூடிப்போய், இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டி வந்தால் பிரேக்கை எவ்வளவு போடுவீர்கள், ரேஸ் எப்போது கொடுப்பீர்கள்? போனில் வேண்டாம், நிதானமாக எழுதி அனுப்புங்கள். முதல் பனி விழுவதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் நல்லது.

பெரியம்மாவை மாத்திரையை வேளைக்குப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்